இரண்டாவது டேக்

மாடிப்படியின் கடைசிப் படியில் கால் இடறி பாப்பு விழுந்தாள். முழங்காலில் தோல் உரிந்து சிவந்தது. அவள் அழவில்லை. எழுந்து கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டு, மூன்று படி மேலே ஏறி, திரும்பி நின்று, அதே காலை அதே படியில் இடறவிட்டு அதே இடத்தில் மறுபடியும் விழுந்தாள். இந்த முறை அழுதாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அப்பா, ஒரு செருப்பு காலிலும் ஒன்று கையிலுமாக ஓடிவந்து அவளைத் தூக்கினார்.

"ஏன் கண்ணு? எதுக்கு மறுபடி போய் விழுந்தே?"

"இப்பதான்ப்பா வலிக்குது" என்றாள் பாப்பு.

அவளுக்கு ஆறு வயது. எல்லாவற்றையும் இரண்டு முறை செய்தாள். பாலைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பாள். உடனே காலி டம்ளரை எடுத்து மறுபடியும் குடிப்பாள், உதட்டைத் துடைத்துக்கொள்வது உட்பட. ஷூவைப் போட்டு, கழற்றி, போடுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் வாசித்தால் "உள்ளேன்" என்று சொல்லி உட்கார்ந்து, எழுந்து, இன்னொரு முறை "உள்ளேன்" என்பாள். வகுப்பே சிரிக்கும். டீச்சர் கூப்பிட்டனுப்பினார். "வீட்ல கொஞ்சம் பாருங்க சார். பாவம், பசங்க 'எக்கோ எக்கோ'ன்னு கூப்பிடுறாங்க."

அப்பாவுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. சவுண்டு. டிவி சீரியல்களில் பதினான்கு வருடம் ஒலிப்பதிவு செய்தவர். அவர் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே அந்தப் பெயர் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. படப்பிடிப்பில் எங்கிருந்தோ 'உய்ங்' என்று ஓர் இரைச்சல் வந்தால், அதைப் பிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். முதலில் ஃபேன், பிறகு ஃபிரிட்ஜ், பிறகு டியூப்லைட், கடைசியில் யாரோ சட்டைப்பையில் மறந்து வைத்திருக்கும் செல்போன். எதை அணைத்ததும் இரைச்சல் நிற்கிறதோ, அதுதான் திருடன்.

மகள் விஷயத்திலும் அதையே செய்து பார்த்தார். ஒரு வாரம் டிவியை அணைத்தார். அடுத்த வாரம் வீட்டிலிருந்த செல்போன்களையெல்லாம் பீரோவில் பூட்டினார். இனிப்பை நிறுத்தினார். பள்ளிக்கூடத்துக்கு வேறு வழியாகக் கூட்டிப்போனார். எதிலும் நிற்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்தது. கதவு இடுக்கு வழியாக அவளுக்குத் தெரியாமல் பார்த்தபோது, தனியாகக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் எதையும் ஒரு முறைதான் அடுக்கினாள். அவர் உள்ளே போய் நின்றதும் கலைத்துவிட்டு முதலிலிருந்து அடுக்கினாள். ஆக, பார்க்கிற கண் ஒன்று வேண்டும். ஏன் என்றுதான் விளங்கவில்லை.

விளங்காத இன்னொன்றும் இருந்தது. அம்மா இறந்துபோய் நான்கு மாதம் ஆகிறது. பாப்பு அதற்கு ஒரு முறைகூட அழவில்லை.

அம்மா நடிகை. ஆயிரத்து நூறு எபிசோடு ஓடிய சீரியலில் சின்ன மருமகள். சவுண்டு அவளுடைய முந்தானை மடிப்பில் தினமும் மைக் குத்திவிடுவார். குத்தும்போது மூச்சை அடக்கிக்கொள்வார், எங்கே தன் நெஞ்சுத்துடிப்பு அந்த மைக்கில் பதிவாகிவிடுமோ என்று. இருநூறாவது எபிசோடில் அவளே கேட்டாள்: "ஏங்க, டெய்லி மைக் மாத்திரம்தான் மாட்டுவீங்களா, இல்ல எப்பவாச்சும் பேசவும் செய்வீங்களா?"

அந்தச் சீரியல் வரும் நேரத்தில் தெருவில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தால் வசனம் விட்டுப்போகாமல் கேட்கலாம். எல்லா வீட்டு ஜன்னலிலும் அதே குரல். பிறகு ஒரு வருடத்துக்குள் ஜன்னல்கள் அமைதியாகிவிட்டன. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு செல்போன், நான்கு ஹெட்போன், நான்கு வேறு வேறு படம். விளம்பரக்காரர்கள் கழன்றுகொண்டார்கள். சேனல் திடீரென்று "இந்த வாரத்தோட முடிங்க" என்றது. ஆறு மாதமாகக் கோமாவில் படுத்திருந்த மாமியாரை ஒரே எபிசோடில் எழுப்பி, குளிக்கவைத்து, வரிசையாக எல்லோரையும் மன்னிக்கவைத்து, கதையை இழுத்து மூடினார்கள். கடைசி நாள் யூனிட்டே கூடி நின்று, அந்தச் சீரியலின் கிளாப் பலகையில் கையெழுத்துப் போட்டு சவுண்டிடம் கொடுத்தது. அவர்தான் பத்திரமாக வைத்துக்கொள்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதன் பிறகு அவள் ஓடிடி கம்பெனிகளில் வாய்ப்புக் கேட்டுப் போனாள். வரவேற்பறையில் ஒரு பெண் படிவத்தை நீட்டி, "எத்தனை மேடம்?" என்று கேட்டாள்.

"ஆயிரத்து நூறு எபிசோடு."

"அது இல்ல மேடம். ஃபாலோயர்ஸ் எத்தனை?"

வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் செல்போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, வீடியோ போட இணையத்தில் ஒரு கணக்கு தொடங்கினாள். தன் முகத்தைக் காட்டத்தான் தொடங்கினாள். நடந்து, பேசி, பழைய வசனமெல்லாம் சொல்லி முப்பது வீடியோ போட்டாள். முந்நூறு பேர் பார்த்தார்கள். முப்பத்தோராவதில், ஓரமாக உட்கார்ந்திருந்த மூன்று வயது பாப்பு ஒரு எலுமிச்சைத் துண்டை நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள். நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அன்றோடு சின்ன மருமகள் செல்போனுக்குப் பின்னால் போய்விட்டாள். கணக்கின் பெயர் 'பாப்பு வீடு' என்று மாறியது.

அவளுடைய தங்கை எடிட்டிங் படித்தவள். பக்கத்து அறையில் கம்ப்யூட்டரை வைத்து, எடுத்ததையெல்லாம் வெட்டி ஒட்டி நாற்பது விநாடியாக்கிக் கொடுப்பாள். அக்கா போன பிறகும் அங்கேயேதான் இருந்தாள், பாப்புவுக்குத் தலை பின்னிக்கொண்டு, சவுண்டைத் திட்டிக்கொண்டு. அக்கா இறந்த செய்தியை, பாப்பு நிற்கும் ஒரு படத்தோடு, கணக்கில் போட்டவளும் அவள்தான். அதன் கீழே வந்த ஆயிரக்கணக்கான ஆறுதல்களுக்கு நடுவில் ஒன்றை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. 'பெத்தவ போயிட்டா, புள்ள கல்லு மாதிரி நிக்குது பாரு. இதுவும் நடிப்பா?'

ஒரு சனிக்கிழமை காலை அவள் சவுண்டின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாமா, கோவப்படாம உக்காந்து கேளுங்க."

"உக்காந்துதான் இருக்கேன்."

"அப்ப எழுந்திரிக்காம கேளுங்க. ஒரு ஓடிடி சீரிஸ். எட்டு எபிசோடு. பாப்புவை நடிப்பு டெஸ்டுக்குக் கூப்பிடுறாங்க."

"வேணாம்மா. ஸ்கூல்லயே சிரிக்குறாங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். ஸ்கூல்ல ரெண்டு தடவ பண்ணினா சிரிப்பாங்க. செட்ல பத்துத் தடவ பண்ணினாலும் கையத் தட்டுவாங்க. அது ஒண்ணாச்சும் யாரும் சிரிக்காம அவ நிக்கிற எடமா இருக்கட்டுமே."

திங்கட்கிழமை கூட்டிப்போனார்.

கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடி. நீலத் துணி தொங்கவிட்ட ஓர் அறை. இயக்குநர் முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண். அவரைக் கண்டதும் எழுந்து வந்தாள். "சார், நானும் எங்கம்மாவும் ஒரு நாள் விடாம உங்க சீரியல் பார்ப்போம். சின்ன மருமக அழுதா எங்கம்மாவும் அழுவாங்க. நான் எங்கம்மாவைப் பார்த்து அழுவேன்." கொஞ்சம் நிறுத்தி, "ரொம்ப சாரி சார்" என்றாள்.

காட்சி சுலபமானது. குழந்தை தன் ஷூவில் ஒன்றைக் காணோம் என்று தேடுகிறது, கிடைக்கவில்லை, அழுகிறது. பாப்பு நீலத் துணிக்கு முன்னால் மண்டியிட்டுத் தேடினாள். பெட்டிக்கு அடியில் பார்த்தாள். தனக்குப் பின்னாலேயே பார்த்தாள். உதடு நடுங்கியது. அழுதாள்.

"கட்! பிரமாதம்" என்றாள் இயக்குநர்.

விளக்குக்காரர் விளக்கை அணைத்தார். யாரோ டீ கேட்டார்கள். யாரோ தும்மினார்கள். பாப்பு மட்டும் இருட்டில் தொடர்ந்து அழுதாள், பெட்டிக்கு அடியில் மறுபடியும் தேடினாள்.

"பாப்பு, கட் சொல்லிட்டேன்டா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கட்னா என்ன?"

அறை கொல்லென்று சிரித்தது. "மூணு வருஷமா கேமரா முன்னாடி நிக்குற ஸ்டாரு, கட்னா என்னன்னு கேக்குறா பாரு!" என்றார் விளக்குக்காரர்.

சவுண்டு சிரிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ நாள் துரத்திய இரைச்சல் சட்டென்று நின்றால் காதுக்குள் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

படப்பிடிப்பில் இரண்டு வார்த்தைகள் உண்டு. 'ஆக்‌ஷன்' என்றால் பொய் தொடங்குகிறது. 'கட்' என்றால் பொய் முடிகிறது. ஆயிரம் எபிசோடு அழுதவள்கூட 'கட்' கேட்ட அடுத்த நொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் டீ எங்கே?" என்பாள். அந்த ஒரு வார்த்தைதான் நடிப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. ஆனால் வீட்டில் ஸ்டாண்டில் நிற்கும் செல்போனுக்கு அந்த வார்த்தை தேவையில்லை. அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு விரல் பட்டால் சத்தமில்லாமல் நிற்கும். 'பாப்பு வீட்டி'லும் கட் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது பக்கத்து அறையில், சித்தியின் கம்ப்யூட்டரில், பாப்பு பள்ளிக்குப் போன பிறகு நடந்தது. அவள் காதில் அது ஒரு நாளும் விழவில்லை.

"யோசிச்சுச் சொல்றோம்மா" என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் பாப்பு பள்ளிக்குப் போன பிறகு, கொழுந்தியாளிடம் வெட்டாத வீடியோக்களைக் கேட்டார். மூன்று வருடத்து வீடியோக்கள் எல்லாம் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள் இருந்தன. ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முதலில் பிறந்தநாள் பரிசு. பாப்பு காகிதத்தைக் கிழிக்கிறாள், உள்ளே பொம்மை, வாயடைத்துப்போகிறாள். அப்புறம் ஒரு குரல்: "ஃபேன் சத்தம் வருது. ஃபேனை நிறுத்திட்டு இன்னொண்ணு போலாம்." பொம்மையைப் பெட்டிக்குள் வைத்து, வேறு காகிதம் சுற்றி, மறுபடி கொடுக்கிறார்கள். பாப்பு மறுபடி வாயடைத்துப்போகிறாள், முன்னைவிட நன்றாக.

அந்தக் குரல் அவருடையது.

அடுத்ததையும் கேட்டார். முதல் பல் விழுந்த நாள். "வெளியே ஹாரன். ஒன்ஸ்மோர்." சைக்கிளில் முதல் முறை விழாமல் போன நாள். "காத்து அடிக்குது, மைக்கை மூடிட்டு இன்னொரு தடவ." எங்கும் அவர்தான். சீரியலில் அவருக்கு எப்போதும் இரண்டாவது டேக் வேண்டும். முதல் டேக்கை ஒத்திகை மாதிரிதான் எடுத்துக்கொள்வார். வீட்டிலும் பழக்கதோஷம். நடுவே மனைவியின் சிரிப்பு: "உங்கப்பாவுக்கு முதல் டேக் ஓகே ஆனதா சரித்திரமே இல்ல பாப்பு. முதல்ல பண்றது சும்மா. ரெண்டாவதுதான் நிஜம். என்ன?"

"ரெண்டாவதுதான் நிஜம்" என்று மழலை திருப்பிச் சொன்னது.

இன்னொன்றில் அவரே வந்தார். வெளியூர்ப் படப்பிடிப்பு முடிந்து இருபது நாள் கழித்து வாசலில் பையோடு நிற்கிறார். பாப்பு பறந்து வந்து காலைக் கட்டிக்கொள்கிறாள். "ஐயோ, மைக் ஆன் ஆகலைங்க" என்கிறாள் அம்மா. அவர் முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார். கதவைச் சாத்துகிறார். கதவைத் தட்டுகிறார். பாப்பு பறந்து வந்து காலைக் கட்டிக்கொள்கிறாள்.

மகள் தன்னிடம் முதல் முறையாக ஓடிவந்த எத்தனை தருணங்களைக் கணக்கில் சேராதவை என்று ஒதுக்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவரால் ஹெட்போனைக் கழற்றக்கூட முடியவில்லை.

சாயங்காலம் பாப்பு பால் குடித்தாள். காலி டம்ளரை மறுபடி எடுக்கக் கை நீட்டியபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"கண்ணு, ஒண்ணு கேக்கட்டா? அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாங்களே. அதை நினைச்சா உனக்கு அழுகை வரலியா?"

"வரும்ப்பா. ரெண்டாவதுல."

"எந்த ரெண்டாவது?"

"அம்மா இன்னும் ரெண்டாவது தடவ போகலையே" என்றாள் பாப்பு. "அம்மா வரணும், படுக்கணும், டாட்டா காட்டணும். நானும் நல்லா டாட்டா காட்டுவேன். அப்புறம்தானே போவாங்க. எப்பப்பா வருவாங்க?"

கதவருகே நின்றிருந்த சித்தியின் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

"நான்தான் மாமா சொன்னேன்" என்றாள். "சின்ன ஆபரேஷன்தானேன்னு நெனச்சோம். தள்ளுவண்டியில படுத்துக்கிட்டு அக்கா டாட்டா காட்டுச்சு. நான் எடுத்துட்டு இருந்தேன். இவ நிமிந்தே பாக்கல. ஷூவையே பார்த்துட்டு நின்னா. 'நல்லா வரலடா பாப்பு, அம்மா வெளிய வந்ததும் இன்னொண்ணு எடுத்துக்கலாம்'னு நான்தான் சொன்னேன். அப்புறம் அந்தக் கதவு..." ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது, ஆனால் அன்று குழந்தைகளை வார்டுக்குள் விடவில்லை. மறுநாள் ரத்தக்கட்டி ஒன்று நுரையீரலுக்குப் போனது. யாரும் எதிர்பார்க்கவில்லை.

"நீ சொல்லலம்மா" என்றார் சவுண்டு. "மூணு வருஷமா நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் நீ சொன்னே."

அவர் எழுந்துபோய் பீரோவின் மேல்தட்டிலிருந்து கிளாப் பலகையை எடுத்துத் தூசி தட்டினார். கையெழுத்துகளுக்கு நடுவே மனைவியுடையதும் இருந்தது. தரையில் மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இது என்ன தெரியுமா?"

"ரயில்வே கேட்டு."

"கேட்டு மாதிரிதான் இருக்கு. பாரு, கேமராவுக்குக் கண்ணு மட்டும்தான். அதுக்குக் காது கிடையாது. என் மெஷினுக்குக் காது மட்டும்தான், கண்ணு கிடையாது. ரெண்டையும் எப்படி ஒண்ணா சேக்குறது? இதை இப்படித் தட்டினா," டக் என்று தட்டினார், "கேமரா இந்தக் கட்டை ரெண்டும் ஒட்டுறதைப் பாக்கும். என் மெஷின் டக்குனு கேக்கும். அந்த எடத்துல ரெண்டையும் சேத்துருவாங்க. இதை வழக்கமா முதல்ல தட்டுவாங்க."

பாப்பு தானும் ஒரு முறை தட்டிப் பார்த்தாள்.

"ஆனா சின்னக் குழந்தைங்க நடிச்சா முதல்ல தட்ட மாட்டாங்க. பயந்துரும்ல? அதனால எல்லாம் முடிஞ்சப்புறம் தட்டுவாங்க. அதுக்கு எண்ட் கிளாப்னு பேரு. அப்ப பலகையை இப்படித் தலைகீழாப் பிடிக்கணும். ஏன்னா, பாக்குறவனுக்குத் தெரியணும், இந்தத் தட்டு இனிமே வரப்போறதுக்கு இல்ல, இப்ப முடிஞ்சதுக்குன்னு. தட்டியாச்சுன்னா முடிஞ்சது முடிஞ்சதுதான். எப்படி வந்துச்சோ அப்படியே வெச்சுக்குவாங்க."

"ஃபேன் சத்தம் வந்தா?"

"ஃபேன் சத்தத்தோட வெச்சுக்குவோம்."

காலி டம்ளருக்கு முதலில் தட்டினார்கள். பாப்புவின் கை டம்ளர் பக்கம் போனது. அவள் பலகையைப் பார்த்தாள், கை திரும்பி வந்தது. மறுநாள் காலையில் ஷூ மாட்டியதற்குத் தட்டினார்கள். பல் தேய்த்ததற்கும், அப்பா வேலையிலிருந்து வந்து அவளைத் தூக்கியதற்கும் தட்டினார்கள். சித்தி அவரைத் திட்டி முடித்ததும் பாப்பு ஓடிப்போய் அதற்கும் தட்டினாள். "நல்லதாப் போச்சு, இனிமே ஒரு திட்டுதான்" என்றாள் சித்தி, நான்கு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்துக்கொண்டே.

நான்காம் நாள் பாப்பு பலகையைத் தூக்கிக்கொண்டு தானே வந்து நின்றாள்.

"அம்மாவுக்குத் தட்டலையே."

மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். பதினோரு விநாடி. வெள்ளைச் சுவர், தள்ளுவண்டி, சின்ன மருமகளின் மெலிந்த கை உயர்ந்து அசைகிறது. "வரட்டா பாப்பு?" என்கிறாள். ஓரத்தில் ஒரு குழந்தை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எங்கோ ஒரு ஃபேன் கடகடக்கிறது. கதவு மூடுகிறது.

"நல்லா இல்ல" என்றாள் பாப்பு. "நான் டாட்டாவே காட்டல."

"ஆமா கண்ணு. நல்லா இல்ல. ஆனா இதுதான் இருக்கு."

அவள் பலகையைத் தலைகீழாகப் பிடித்தாள். இரண்டு கையாலும் கட்டையைத் திறந்தாள். திறந்தபடியே வெகுநேரம் வைத்திருந்தாள்.

"இதைத் தட்டினா அம்மா வர மாட்டாங்கதானே?"

"வர மாட்டாங்க."

"தட்டலைன்னா?"

இதைச் சவுண்டுதான் சொல்ல வேண்டும். "தட்டலைன்னாலும் வர மாட்டாங்க கண்ணு."

பாப்பு திரையைப் பார்த்தாள். நின்றுபோன படத்தில் மூடிய கதவு மட்டும் இருந்தது. அதைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி, சின்னதாக ஆட்டினாள். பிறகு தட்டினாள்.

டக்.

அவள் அழுத சத்தத்தை அவர் இதற்கு முன் எந்த வீடியோவிலும் கேட்டதில்லை. அதில் அழகு எதுவும் இல்லை. மூக்கு ஒழுகியது, விக்கியது, வாய் கோணியது, பேச்சு உடைந்தது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து அதை நிறுத்தவில்லை. அவளை மடியில் போட்டுக்கொண்டு, தானும் சத்தமாக அழுதார். அந்தத் தெருவில் சவுண்டின் குரலை முதல் முறையாக எல்லோரும் கேட்டார்கள்.

வழி இதுதான். எது முடிந்தாலும், அது எவ்வளவு மோசமாக முடிந்திருந்தாலும், பலகையைத் தலைகீழாகப் பிடித்து, அவள் காதில் விழும்படி ஒரு தட்டு. அதன் பிறகு இரண்டாவது டேக் கிடையாது.